புளிப்பான ஃபார்ம்ஹவுஸ் ஏல்: விழுங்கிய பிறகு எழும் அந்த வாடை எதனால்?

பதிவு 1 | ஆற்காட்டுநிலா

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஆஸ்டின் நகருக்கு மேற்கே, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய பீர் ஆலையில், பீப்பாயில் ஊறவைத்த செசோன் வகை ஏல் (பெல்ஜியப் பண்ணைகளில் பிறந்த ஒரு பீர் வகை) இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். பெயர் வேண்டாம்; அவர்கள் செய்யும் மற்ற பீர்களை நான் விரும்பிக் குடிப்பவள். 750 மில்லி பாட்டில், கார்க்கும் கம்பிக் கூண்டும் போட்டது. பாட்டிலில் அடைத்த தேதி மூன்று வாரங்களுக்கு முந்தையது என்று லேபிளில் இருந்தது.

நேற்று மாலை முதல் பாட்டிலைத் திறந்தோம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து இருபது நிமிடம் முன்னதாகவே எடுத்து வைத்திருந்தேன். நிறம் புது வைக்கோல் போல; அதில் அரிசி கழுவிய நீரைக் கொஞ்சம் கலந்ததுபோல லேசான கலங்கல். வெள்ளை நுரை கோப்பையின் விளிம்பு வரை எழுந்து, மெதுவாகத்தான் அடங்கியது. முகர்ந்தபோது முதலில் எலுமிச்சைத் தோல், அடுத்து வெள்ளை மிளகு, அதற்கும் பின்னால் மழையில் நனைந்த வைக்கோற்போர். வாயில் வைத்ததும் நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறியது. காய் பதம் நீங்கி இன்னும் பழுக்காத மாங்காயில் இருக்குமே, அந்த அளவுப் புளிப்பு, பல் கூசவில்லை. இனிப்பு என்று சொல்ல ஒரு துளிகூட இல்லாமல், இறுதியில் மெல்லிய கசப்போடு வாய் சுத்தமாக வறண்டது. இவ்வளவு அழகான பீரைக் குடித்து வெகு நாளாகிவிட்டது என்று என் கணவரிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அதற்குள் வேறொன்று நேர்ந்தது. விழுங்கிப் பத்து, பதினைந்து விநாடி கழித்து, தொண்டைக்குள்ளிருந்து மூக்குக்கு ஒரு வாடை ஏறி வந்தது. ஈரத்தில் நமுத்த அவல், பழைய பிஸ்கட், கூடவே எலி நடமாடிய பரண். கோப்பையை எவ்வளவு முகர்ந்தாலும் அந்த வாடை அதில் இல்லை. விழுங்கிய பிறகு மட்டுமே வந்தது. அடுத்த வாய் குடித்ததும் மறைந்து, மறுபடியும் அதே இடைவெளியில் திரும்பியது. என் கணவருக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அடியில் தங்கிய கொஞ்சம் தவிர மீதியையும் அவரே ரசித்துக் குடித்து முடித்தார்.

இது என்ன குறை? இரண்டாவது பாட்டிலை நான் என்ன செய்வது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 2 | பழையவன்

சகோதரி, நான் இருபது ஆண்டுகள் ஓட்டல் பார்களில் வேலை பார்த்தவன். குழாயிலிருந்து வரும் பீரில் புளிப்பு தட்டினால் குழாய்க்குள் பாக்டீரியா படிந்திருக்கிறது என்று பொருள். அன்றே கழுவ வேண்டும், பீரைக் கொட்டிவிட வேண்டும். இதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். புளிப்பும் எலி வாடையும் சேர்ந்து வந்திருக்கின்றன என்றால், உங்கள் பாட்டில் கெட்டுவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அந்தப் புளிப்பை ஒரு குணமாகவும், வாடையை மட்டும் குறையாகவும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டுமே ஒரே தொற்றின் வேலையாக இருக்கலாம் அல்லவா?

பதிவு 3 | மோன்ஸ்_வாசி

பழையவன் ஐயாவின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல இந்த பீர் பிறந்த ஊருக்குப் போக வேண்டும். நான் பெல்ஜியத்தின் எய்னோ மாகாணத்தில் இருக்கிறேன். செசோன் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள். குளிரூட்டும் இயந்திரங்கள் வருவதற்கு முன்னால், இங்கிருந்த பண்ணைகளில் குளிர்காலத்தில் மட்டுமே பீர் காய்ச்சினார்கள். கோடையில் காற்றிலும் மரத்தொட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் பெருகி பீரைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். குளிரில் காய்ச்சியதை மாதக்கணக்கில் மரப்பீப்பாயில் வைத்திருந்து கோடையில் குடித்தார்கள். தூய ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்க்கும் முறையை எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் நிலைநாட்டியது 1883இல்தான். அதற்கு முந்தைய பண்ணை பீர் எதுவும் ஒரே ஓர் ஈஸ்ட்டால் நொதித்திருக்க வழியில்லை. மரத்துக்குள் மாதங்களைக் கழித்த பீரில் ஓரளவு புளிப்பு ஏறாமலும் இருந்திருக்காது. பழைய புளித்த பீரையும் புதிய பீரையும் அளவு பார்த்துக் கலக்கும் வழக்கமும் இந்த நாட்டில் நெடுங்காலமாக உண்டு.

ஆனால் இன்றைய செசோன் எல்லாமே புளிக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உலகம் முழுவதும் முன்மாதிரியாகக் கொள்ளும் செசோன் டுபோன் புளிப்பு பீர் அல்ல. தூர்ப் என்ற சிற்றூரில், 1844 முதல் பீர் காய்ச்சிவரும் ஒரு பண்ணையில் அது தயாராகிறது. டுபோன் குடும்பம் அதை வாங்கியது 1920இல். ஆல்கஹால் 6.5 சதவீதம். கொதிகலனுக்கு அடியில் இன்றும் நேரடியாகத் தீ எரிகிறது. அடியில் லேசாகத் தீயும் அந்தச் சர்க்கரையின் சாயல் பீரில் தெரிவதாக எனக்குத் தோன்றும். பெரும்பாலான ஏல்கள் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நொதிக்க, அங்கே வெப்பம் 30 டிகிரியைத் தாண்ட விட்டுவிடுகிறார்கள். மிளகும் ஆரஞ்சுத் தோலும் போன்ற மணங்களை ஈஸ்ட் தருவதற்கு அந்தச் சூடு பெரிதும் உதவுகிறது. அந்த பீரில் நாக்கு உணரும் கூர்மைக்குக் கசப்பும், வறட்சியும், மிகுந்த கரியமில வாயுவும்தான் காரணம், அமிலம் அல்ல. ஆற்காட்டுநிலா அவர்கள் குடித்தது அதனிடமிருந்து கிளைத்து, அமெரிக்காவில் பீப்பாய்க்குத் திரும்பிய வேறொரு வகை.

பதிவு 4 | செங்கல்_அடுப்பு

மோன்ஸ்_வாசி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். அதில் பாதிக்கு மேல் இந்தப் புளிப்பு வகைதான்.

அமெரிக்காவில் இந்தப் பாணி வளர 2010 ஒரு முக்கியமான ஆண்டு. வெர்மான்டில் ஷான் ஹில் தம் முன்னோரின் நிலத்தில் ஹில் ஃபார்ம்ஸ்டெட் ஆலையைத் தொடங்கியதும், ஆஸ்டினுக்கு அருகே ஜெஸ்டர் கிங் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். ஹில் ஃபார்ம்ஸ்டெட்டின் ஆர்தர் என்ற செசோனை ஒயின் பீப்பாயில் நீண்ட காலம் ஊறவைத்தால் அது ஆர்ட் என்ற பெயரில் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால், ஒரே பீருக்குக் காலமும் மரமும் என்ன செய்கின்றன என்பது நாக்குக்கே தெரிந்துவிடும். ஜெஸ்டர் கிங் ஆலையார் தம் கிணற்று நீரையும், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் பிடித்த ஈஸ்ட்டையும் கொண்டு காய்ச்சுகிறார்கள்.

இந்த பீர்களில் மூன்று தரப்பு உயிர்கள் வேலை செய்கின்றன. முதலில் செசோன் ஈஸ்ட். இவற்றுள் பல, மற்ற ஈஸ்ட்டுகள் தொட முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் உடைத்து உண்ணும் நொதியைச் சுரப்பவை. ஆற்காட்டுநிலா சொன்ன அந்தச் சுத்தமான வறட்சி அதனால் வருகிறது. இரண்டாவது பிரெட்டனோமைசீஸ். கார்ல்ஸ்பெர்க்கில் வேலை பார்த்த கிளவ்சன், ஆங்கிலேய பீர்களில் கண்டு 1904இல் பெயர் சூட்டிய ஈஸ்ட் இது. பெயருக்குப் பிரிட்டன் நாட்டுப் பூஞ்சை என்று பொருள். ஈர வைக்கோல், தொழுவம், தோல் போன்ற மணங்கள் இதன் கைவண்ணம். இது மாதக்கணக்கில் நிதானமாக வேலை செய்யும். மூன்றாவதாக லாக்டோபாசிலஸ், பீடியோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள். புளிப்பைத் தருபவை இவையே. தயிரையும் தோசை மாவையும் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலம்தான் இங்கேயும்.

லாக்டோபாசிலஸின் பெரும்பாலான இனங்களுக்கு ஹாப்ஸின், அதாவது பீருக்குக் கசப்பும் மணமும் தரச் சேர்க்கும் கொடிப்பூவின், கசப்பு ஆகாது. ஆகவே புளிப்பின் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஹாப்ஸின் அளவு. கொஞ்சம் கூட்டினால் புளிப்பு பிறக்காமலே போகும். கொஞ்சம் குறைத்தால் பீர் எலுமிச்சைச் சாறாகிவிடும். நான் ஒருமுறை ஐந்து காலன் பீரில் ஹாப்ஸை மிகவும் குறைத்துவிட்டு, இரண்டே நாளில் வாயில் வைக்க முடியாத புளிப்போடு அது நின்றதைப் பார்த்து மனம் உடைந்தேன். பிறகு புளிக்காத ஒரு பீரைத் தனியாகக் காய்ச்சி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்று கலந்துதான் அதைக் காப்பாற்றினேன். பழையவன் ஐயா, குழாயில் தானாக வந்து படியும் பாக்டீரியாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். உயிர் ஒன்றாகவே இருக்கலாம். எப்போது வரலாம், எவ்வளவு வரலாம், எப்போது நிற்க வேண்டும் என்பதைக் காய்ச்சுபவர் தீர்மானிக்கிறார்.

பதிவு 5 | நுண்ணுயிர்_ஆய்வாளி

ஆற்காட்டுநிலா, உங்கள் விவரிப்பைப் படித்ததுமே விடை தெரிந்துவிட்டது. முகரும்போது இல்லை, விழுங்கிய பின் சில விநாடி தாமதித்து வருகிறது, ஒருவருக்குத் தெரிகிறது, அருகில் இருப்பவருக்குத் தெரியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து வருவது டெட்ராஹைட்ரோபிரிடின் என்ற சேர்மக் குடும்பத்தின் அடையாளம். ஒயின் செய்பவர்கள் இதை எலி நாற்றம் என்றே நெடுநாளாக அழைத்துவருகிறார்கள்.

தாமதத்துக்குக் காரணம் இது. புளிப்பான பீரின் அமிலத்தன்மையில் இந்தச் சேர்மம் ஆவியாகாத வடிவில் கட்டுண்டு கிடக்கும். அதனால் கோப்பையை முகரும் மூக்குக்கு அது எட்டாது. விழுங்கிய பிறகு வாயில் ஒட்டியிருக்கும் பீரோடு எச்சில் கலக்கிறது. எச்சில் அமிலம் அற்றது. அது கலக்கக் கலக்க அமிலத்தன்மை குறைந்து, சேர்மம் விடுபட்டு ஆவியாகித் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. அடுத்த வாய் பீர் மறுபடியும் வாயை அமிலமாக்கிவிடுவதால் வாடை மறைகிறது. உங்கள் கணவரின் எச்சிலும் மூக்கும் வேறு. இதைச் சிறிதும் உணராதவர்கள் இருக்கிறார்கள்.

உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவி, அதன் மேல் இரண்டு சொட்டு பீரை விட்டுத் தேய்த்து முகருங்கள். வாடை உடனே எழும்.

இதை உண்டாக்குபவை பிரெட்டனோமைசீசும் சில லாக்டோபாசிலஸ் வகைகளும்; லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாக்குகின்றன. ஆக்சிஜன் பட்டால் அது கூடும். அதனால்தான் பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு மாற்றும் வேலை நடந்த சில வாரங்களில் இந்த வாடை தலைகாட்டுகிறது. நற்செய்தி என்னவென்றால், பீரில் இது பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை; சில மாதங்களில் குறைந்து மறைந்துவிடும். ஆகவே இரண்டாவது பாட்டிலைக் கொட்ட வேண்டாம். இருட்டான, சூடேறாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, நான்கு மாதம் மறந்துவிடுங்கள். என் கருத்தில் தவறு அந்தப் புளிப்பில் இல்லை. மூன்று வாரத்திலேயே விற்பனைக்கு அனுப்பிய அவசரத்தில்தான் இருக்கிறது.

பதிவு 6 | பழையவன்

விளக்கத்துக்கு நன்றி. நான் இத்தனை காலம் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்த பல விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினீர்கள். ஆனாலும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. ஆய்வுக்கூடமும் கருவியும் இல்லாமல், கோப்பையை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவர், நல்ல புளிப்பையும் கெட்ட புளிப்பையும் எப்படி அடையாளம் காண்பது? அமில அளவைப் பார்த்தாவது சொல்ல முடியுமா?

பதிவு 7 | நுண்ணுயிர்_ஆய்வாளி

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் (குறையக் குறைய அமிலம் கூடும்) மட்டும் போதாது என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. தயிரின் பிஎச் ஏறத்தாழ 4.5, சாதாரண லாகர் பீரின் பிஎச்சும் 4.2 முதல் 4.5 வரைதான். ஆனால் தயிர் புளிக்கிறது, லாகர் புளிப்பதில்லை. தயிரில் மொத்தமாக உள்ள அமிலத்தின் அளவு மிக அதிகம். நாக்கு அந்த மொத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பெல்ஜியத்தின் கோஸ் போன்ற முழுப் புளிப்பு பீர்கள் 3.3ஐ ஒட்டி இருக்கும். நான் ரசித்துக் குடித்த ஃபார்ம்ஹவுஸ் ஏல்கள் பலவும் அதற்கும் சாதாரண பீருக்கும் இடையில்தான் இருந்திருக்கின்றன. ஆயினும் எண்ணைப் பார்த்து ருசியைச் சொல்ல நான் துணியமாட்டேன்.

நாக்கை நம்புங்கள். லாக்டிக் அமிலம் நாக்கின் மேல் அகலமாகப் பரவி, எச்சிலை ஊறச் செய்து, சீக்கிரம் அகலும்; மோரைப் போல மிருதுவானது. அசிட்டிக் அமிலம், அதாவது காடியின் அமிலம், வாயில் வைக்கும் முன்பே மூக்கைக் குத்தும். விழுங்கிய பிறகு தொண்டையிலும் நெஞ்சிலும் எரியும். பீப்பாயில் காற்று அதிகம் புகுந்துவிட்டால் அசிட்டிக் ஏறும். துளியளவு இருந்தால் பீருக்கு ஒரு விழிப்பைத் தரும் என்பவர்கள் உண்டு. எனக்கு ஃபார்ம்ஹவுஸ் ஏலில் அது ஒரு துளிகூடப் பிடிக்காது. மற்ற எல்லா மணத்தையும் அது மூடிவிடுகிறது.

பதிவு 8 | செங்கல்_அடுப்பு

நான் கைக்கொள்ளும் உரைகல் ஒன்றைச் சொல்கிறேன். முதல் கோப்பையை முடித்ததும், இரண்டாவது கோப்பைக்குக் கை தானாகப் போகிறதா என்று பாருங்கள். பண்ணையில் வெயிலில் வேலை செய்தவர் தாகத்துக்குக் குடித்த பீரின் வழித்தோன்றல் இது. அமிலம் மட்டுமே முன்னால் நின்றால், முதல் வாய் வியப்பாக இருக்கும், நான்காவது வாயில் பல் கூசும், கோப்பை பாதியில் நின்றுவிடும். அமிலத்துக்குக் கீழே கோதுமையோ, ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகையோ தந்த தானிய உடம்பும், ஹாப்ஸின் கசப்பும், ஈஸ்ட்டின் மிளகும் இருந்து, புளிப்பு அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறாக இருந்தால், அதுவே நன்றாகச் செய்த பீர். பல புதிய ஆலைகள் புளிப்பைக் கூட்டுவதையே திறமை என்று எண்ணுகின்றன. அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பதிவு 9 | ஆற்காட்டுநிலா

நேற்றுத் திறந்த முதல் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. சோடா நீரைப் புறங்கையில் தடவி, அதன் மேல் பீரைத் தேய்த்து முகர்ந்தேன். அப்படியே அதே வாடை! என் கணவரும் முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்று அவர் வாயில் உணராத ஒன்றை இன்று கையில் உணர்ந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்று ஒரு செசோன் டுபோனும் வாங்கி வந்தேன். மோன்ஸ்_வாசி சொன்னது போலவே அதில் அமிலம் இல்லை. நாக்கின் நடுவில் கசப்பு நின்றது. ஆனால் பச்சை பாட்டிலை மூக்கருகே கொண்டு வந்தபோது, முதல் நொடியில் ரப்பர் கருகியது போன்ற ஒரு நெடி வந்து போனது.

பதிவு 10 | மோன்ஸ்_வாசி

அந்த நெடிக்குக் காரணம் வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருளின் மேல் ஒளி பட்டால் கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம் பிறக்கும். பழுப்புக் கண்ணாடி ஒளியைத் தடுக்கும் அளவுக்குப் பச்சைக் கண்ணாடி தடுப்பதில்லை. விளக்குக்கு நேரே உள்ள கடை அலமாரியில் நின்ற பாட்டிலை எடுக்காதீர்கள். அட்டைப் பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது பாட்டிலைத் திறக்கும்போது, நான்கு மாதம் நிமிர்ந்து நின்றதில் வண்டல் அடியில் உறைந்திருக்கும். பாட்டிலை ஆட்டாமல், ஒரே சாய்வில், நிறுத்தாமல் மூன்று கோப்பைகளில் ஊற்றுங்கள். நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் வாயு கிளர்ந்து வண்டல் எழும். 8 டிகிரியில் தொடங்கி, கோப்பையிலேயே 12 வரை சூடேற விடுங்கள். குளிரில் அமிலமும் வாயுவும் மட்டுமே பேசும். பழமும் மரமும் பிறகுதான் வாய் திறக்கும்.

பதிவு 11 | ஆற்காட்டுநிலா

நான்கு மாதமும் ஒரு வாரமும் கழித்து எழுதுகிறேன். நேற்றிரவு இரண்டாவது பாட்டிலைத் திறந்தோம்.

கார்க் முன்பைவிட உரத்த ஓசையோடு வந்தது. சொன்னபடி ஒரே சாய்வில் ஊற்றினேன். இம்முறை பீர் தெளிந்து, வைக்கோல் நிறம் பொன்னிறமாக மாறியிருந்தது. எலுமிச்சைத் தோல் பின்னுக்குப் போய், அன்னாசியின் தோல் சீவும்போது எழும் மணம் முன்னே வந்திருந்தது. தொழுவம் இருக்கிறது, ஆனால் அடுத்த தெருவில் இருக்கிறது. புளிப்பு அளவில் குறைந்ததாகத் தோன்றவில்லை. கூர் மட்டும் மழுங்கி, கசப்போடு சேர்ந்து ஒரே கோடாக இறங்கியது. விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி, இருபது, முப்பது. ஒன்றும் வரவில்லை. புறங்கையிலும் சோடா நீரோடு தேய்த்துப் பார்த்தேன்; மிக மிக மெல்லிய அவல் வாசனை மட்டும், அதுவும் தேடினால்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோப்பையின் கடைசிக் கால் பங்கு அறையின் சூட்டுக்கு வந்தபோது, விளிம்பில் காடியின் சாயல் லேசாகத் தட்டியது. முதல் பாட்டிலில் இது இருந்ததாக என் குறிப்பில் இல்லை. இது பாட்டிலுக்குள் வளர்ந்ததா, அல்லது முன்பு எலி வாடைக்குப் பின்னால் மறைந்திருந்ததா?

பதிவு 12 | நுண்ணுயிர்_ஆய்வாளி

மறைந்திருந்ததாகவே இருக்க வேண்டும். பிரெட்டனோமைசீஸ் அசிட்டிக் அமிலம் செய்ய ஆக்சிஜன் வேண்டும். கார்க் போட்டு அடைத்த பாட்டிலில் அதற்கு அதிகம் கிடைக்காது. பீப்பாயில் இருந்தபோதே ஏறியிருக்கும். முதல் பாட்டிலைக் கடைசிவரை குடித்தவர் உங்கள் கணவர் அல்லவா? சூடேறிய அந்தக் கடைசிக் கோப்பையில் அவருக்கு என்ன தெரிந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பதிவு 13 | ஆற்காட்டுநிலா

கேட்டேன். கடைசி வாய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல இருந்ததாகவும், நான் எலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை என்றும் சொன்னார்.